வாசனை நோயை விரட்டுமா?



2021-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நினைவிருக்கிறதா? கொரோனாவின் இரண்டாவது அலை அடித்த மாதம் அது. பல ஊர்களில் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கவில்லை. ஆக்சிஜன் கிடைக்கவில்லை. சிலிண்டருக்காக மக்கள் தெருவில் வரிசையாக நின்றார்கள். விசாகப்பட்டினத்திலிருந்து மகாராஷ்டிரத்துக்கு ரயிலில் ஆக்சிஜன் டேங்கர்கள் போயின. நம் நாட்டில் அதுவரை யாரும் பார்க்காத காட்சி அது.

அந்த நாட்களில் நாடு முழுவதும் செல்போனில் ஒரு செய்தி சுற்றியது. சூடம், கிராம்பு, ஓமம் மூன்றையும் ஒரு துணியில் முடிய வேண்டும். அதில் நீலகிரித் தைலம் சில சொட்டு விட வேண்டும். அந்தப் பொட்டலத்தை அடிக்கடி முகர வேண்டும். முகர்ந்தால் உடம்பில் ஆக்சிஜன் ஏறும். இதுதான் செய்தி. லடாக் மலைக்குப் போகிற பயணிகளுக்கும் இதைத்தான் கொடுக்கிறார்கள் என்று வேறு அதில் எழுதியிருந்தது.

பல வீடுகளில் பொட்டலம் கட்டினார்கள். தலையணைக்கு அடியில் வைத்தார்கள். சிலர் குழந்தையின் கழுத்திலும் கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சிலிண்டர் எங்கும் கிடைக்கவில்லை. சூடம் பெட்டிக்கடையில் கிடைத்தது. பயந்துபோனவர் கைக்கு எட்டியதைத்தானே பிடித்துக்கொள்வார்?

ஆனால் அந்தச் செய்தி உண்மையா? உண்மை இல்லை. சூடத்தை முகர்ந்தாலும் சரி, கிராம்பை முகர்ந்தாலும் சரி, இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது. டாக்டர்கள் அப்போதே இதைச் சொன்னார்கள். பத்திரிகைகளும் எழுதின. ஆனாலும் செய்தி நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை? முகர்ந்தவருக்கு நிஜமாகவே சுகமாக இருந்தது. மூக்கு திறந்தது போல இருந்தது. மூச்சு லேசானது போல இருந்தது. தானே அனுபவித்த ஒன்றைப் பொய் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அந்தச் சுகம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

மூக்கின் உட்புறத்தில் குளிர்ச்சியை உணரும் நரம்புகள் இருக்கின்றன. காற்று உள்ளே போகும்போது அந்த இடம் சற்றுக் குளிரும். உடனே நரம்பு மூளைக்குச் சேதி சொல்லும். "காற்று வந்துவிட்டது" என்று சொல்லும். சூடம், நீலகிரித் தைலம், புதினா உப்பு ஆகியவற்றின் வாசனை இந்த நரம்புகளைத் தூண்டிவிடும். காற்று கூடுதலாக வராமலேயே, வந்தது போல மூளை நினைத்துக்கொள்ளும். இதை ஆராய்ச்சியாளர்கள் கருவி வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். முகர்ந்தவர், "மூக்கு நன்றாகத் திறந்துவிட்டது" என்று சொன்னார். கருவியோ, மூக்கின் வழி முன்பு இருந்த அளவில்தான் இருக்கிறது என்று காட்டியது. வாசல் மணி அடிக்கிறது. கதவைத் திறந்து பார்த்தால் யாரும் இல்லை. அது போலத்தான் இதுவும்.

சாதாரண ஜலதோஷத்துக்கு இந்தச் சுகம் போதும். ஜலதோஷம் சில நாளில் தானே போய்விடும். அதுவரை கொஞ்சம் ஆறுதல் கிடைத்தால் நல்லதுதான். பாட்டி தைலம் தேய்த்துவிட்டால் பேரனுக்குத் தூக்கம் வருகிறது. பாட்டியின் கைச்சூட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

கொரோனா முற்றியவருக்கு நோய் மூக்கோடு நிற்கவில்லை. நுரையீரலுக்குள் போய்விட்டது. நுரையீரலில் கோடிக்கணக்கான சின்னச் சின்னக் காற்றறைகள் இருக்கின்றன. அங்கேதான் காற்றிலிருந்து ஆக்சிஜன் இரத்தத்துக்குப் போகிறது. நோய் வந்தால் அந்த அறைகளில் நீர் கோத்துக்கொள்கிறது. காற்று வந்தாலும் ஆக்சிஜன் இரத்தத்துக்குள் போக முடியவில்லை. கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்டது. ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டு என்ன பயன்?

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கருவியைப் பலர் பார்த்திருப்பீர்கள். நல்ல உடம்புக்கு அதில் 95 முதல் 100 வரை காட்டும். கொரோனா வந்தவருக்கு 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார்கள். பொட்டலத்தை முகர்ந்த பிறகு எண் கொஞ்சம் ஏறியது என்று சிலர் சொன்னார்கள். ஏறியிருக்கலாம். முகர்கிறவர் ஆழமாக மூச்சை இழுக்கிறார் அல்லவா? ஆழமாக மூச்சு இழுத்தால் எண் சிறிது நேரம் ஏறும். வெறும் கையை முகர்ந்து மூச்சு இழுத்திருந்தாலும் ஏறியிருக்கும்.

அதே ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம் வேறொரு யோசனை சொன்னது. மூச்சுத் திணறுகிறவர்களைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னது. இதற்கும் காசு செலவில்லை. குப்புறப் படுத்தால் நுரையீரலின் முதுகுப் பக்கம் நன்றாக விரியும். ஆக்சிஜன் உண்மையாகவே கூடும். இந்த நல்ல யோசனை பொட்டலத்தின் அளவுக்குப் பரவவில்லை. வாசனை இல்லாததால்தானோ என்னவோ!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கொரோனா வந்த பலருக்கு மூக்கில் வாசனையே தெரியவில்லை. அவர்களும் பொட்டலத்தை முகர்ந்துகொண்டுதான் இருந்தார்கள்.

இப்போது நகரங்களில் அரோமாதெரபி என்று ஒரு பலகையைப் பார்க்கலாம். வாசனை எண்ணெய் வைத்தியம் என்று பொருள். அந்தப் பெயர் புதியது. கட்டஃபோசே என்ற பிரெஞ்சுக்காரர் 1937-ல் எழுதிய புத்தகத்துக்கு வைத்த பெயர் அது. அவர் வாசனைப் பொருள்கள் செய்யும் தொழிலில் இருந்த ரசாயனக்காரர். பெயர்தான் புதியது. எண்ணெய் வடிப்பது நம் நாட்டில் மிகப் பழைய தொழில். உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ் என்று ஓர் ஊர் இருக்கிறது. அத்தருக்குப் பெயர் போன ஊர். அங்கே பெரிய செம்புப் பானையில் பூவையும் தண்ணீரையும் போட்டு மூடி, அடியில் நெருப்பு மூட்டுவார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாக வேறொரு பாத்திரத்துக்குப் போகும். அந்தப் பாத்திரம் தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும். ஆவி குளிர்ந்து வாசனையாக இறங்கும். நீலகிரியில் யூகலிப்டஸ் இலையைக் காய்ச்சித் தைலம் எடுப்பதும் ஏறக்குறைய இதே முறைதான்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு கிலோ யூகலிப்டஸ் இலையைக் காய்ச்சினால் ஒன்று அல்லது இரண்டு கிலோ தைலம் கிடைக்கும். அப்படியானால் ஒரு சிறு கரண்டித் தைலத்துக்குள் எவ்வளவு இலை இருக்கிறது? கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை இலை இருக்கிறது. அரைக் கிலோ இலையை யாராவது தின்பார்களா? "இலையிலிருந்து வந்ததுதானே, என்ன செய்துவிடும்?" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும்.

சரி, இந்த எண்ணெய்கள் கிருமியைக் கொல்லுமா, கொல்லாதா? கொல்லும். ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்க்கிறார்கள். அதன்மேல் கிராம்பு எண்ணெயையோ ஓம எண்ணெயையோ விடுகிறார்கள். கிருமி சாகிறது. இதைக் காட்டித்தான் பலர் இந்த எண்ணெய்களை விற்கிறார்கள். ஆனால் தட்டில் விட்டால் டெட்டாலும்தான் கிருமியைக் கொல்லும். அதற்காக டெட்டாலைக் குடிக்க முடியுமா? நுரையீரலுக்குள் இருக்கும் கிருமி சாகும் அளவுக்கு எண்ணெய் உடம்பில் ஏறினால், கிருமிக்கு முன்னால் மனிதனுக்கு ஆபத்து வந்துவிடும்.

ஓமத்தின் கதை இதற்கு நல்ல உதாரணம். ஓமத்திலிருந்து ஓம உப்பு எடுக்கலாம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். அதன் ஆங்கிலப் பெயர் தைமால். 1914-ல் முதல் உலகப் போர் வரும் வரை இந்தியாவிலிருந்து ஓமம் கப்பலில் ஜெர்மனிக்குப் போனது. அங்கே அதிலிருந்து தைமால் எடுத்தார்கள். எதற்கு? ஒரு முக்கியமான வேலை கொக்கிப் புழுவைக் கொல்வது. மலம் கிடந்த மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப் புழு காலின் தோல் வழியாக ஏறும். பிறகு குடலில் பிடித்துக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஆள் வெளுத்துப் போவார். வேலை செய்யத் தெம்பு இருக்காது. 1909-க்குப் பிறகு அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்தப் புழுவை ஒழிக்கப் பெரிய இயக்கம் நடந்தது. அங்கே கொடுத்த மருந்து தைமால்தான்.

ஆகவே நம் அஞ்சறைப் பெட்டி ஓமத்துக்கு உலக வைத்தியத்தில் ஓர் இடம் இருந்தது. அதில் பெருமைப்படலாம். ஆனால் எப்படிக் கொடுத்தார்கள் என்று கவனியுங்கள். ஆளின் வயதைப் பார்த்து, எடை போட்டு, அளந்து கொடுத்தார்கள். பேதி மருந்தும் கொடுத்து அதை வெளியேற்றினார்கள். அன்றைக்கு எண்ணெய்ப் பண்டம் தின்னக் கூடாது, சாராயம் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். மீறினால் மருந்து இரத்தத்தில் ஏறி விஷமாகிவிடும். ஓமத்தை முகர்ந்து யாருக்கும் புழு போகவில்லை. பிறகு அதைவிட நல்ல, ஆபத்துக் குறைந்த மருந்துகள் வந்தன. தைமால் ஓய்வு பெற்றது. இன்று அல்பெண்டசோல் மாத்திரை இருக்கிறது. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அதை இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

வாசனை நோயை விரட்டும் என்ற எண்ணம் உலகம் முழுவதும் இருந்தது. கெட்ட நாற்றம்தான் நோயைக் கொண்டு வருகிறது என்று பெரிய பெரிய டாக்டர்களே நம்பினார்கள். மலேரியா என்ற பெயரே இத்தாலி மொழியில் கெட்ட காற்று என்ற பொருளில் வந்ததுதான். நாற்றம் நோயைத் தந்தால், நல்ல வாசனை நோயைப் போக்க வேண்டும் அல்லவா? ரோம் நகருக்கு வெளியே சதுப்பு நிலத்தில் ஒரு மடம் இருந்தது. அங்கே மலேரியா அதிகம். 1870 வாக்கில் அந்த மடத்துத் துறவிகள் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த யூகலிப்டஸ் மரங்களை நட்டார்கள். அதைக் காய்ச்சல் மரம் என்றே அழைத்தார்கள். மரத்தின் வாசனை காய்ச்சலை ஓட்டும் என்பது நம்பிக்கை. மரம் செய்த நன்மை ஏதாவது இருந்தால், அது தண்ணீரைக் குடித்து நிலத்தைக் காய வைத்ததுதான்.

உண்மை வெளிவந்தது நம் நாட்டில். ரொனால்ட் ராஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 1857-ல் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்தவர். செகந்திராபாத்தில் வேலை பார்த்தார். கொசுக்களைப் பிடித்து, ஒவ்வொன்றாக அறுத்து, பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்துக்கொண்டே இருந்தார். கடும் வெயில். மின்விசிறி கிடையாது. கை விசிறி வீசினால் கொசுவின் துண்டுகள் பறந்துவிடும். 1897 ஆகஸ்ட் 20 அன்று ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காற்றின் மீது இருந்த பழி கொசுவின் மீது போனது. அதன் பிறகு கொசுவை ஒழிப்பது, கொசுவலை கட்டுவது எல்லாம் மலேரியாவுக்கு எதிரான வேலைகள் ஆயின.

இதில் வாசனை எண்ணெய்க்கும் ஒரு சிறிய வேலை உண்டு. சிட்ரொனெல்லா புல் எண்ணெய் கொசுவுக்குப் பிடிக்காது. தோலில் பூசினால் கொஞ்ச நேரம் கடிக்காது. ஆனால் சீக்கிரமே ஆவியாகிப் போய்விடும். இரவு முழுவதும் காப்பது கொசுவலைதான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பொட்டலமும் தைலமும் நோயைக் குணப்படுத்தவில்லை, சரி. அதனால் நஷ்டம் என்ன என்று கேட்கலாம். நஷ்டம் நேரம்தான்.

குழந்தைக்கு நிமோனியா என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சளி, இருமல், காய்ச்சல். நெஞ்சில் தைலம் தேய்க்கிறார்கள். குழந்தை கொஞ்சம் தூங்குகிறது. "சரியாகிவிட்டது" என்று நினைக்கிறார்கள். மறுநாளும் தேய்க்கிறார்கள். மூன்றாம் நாள் குழந்தைக்கு மூச்சு இழுக்கிறது. முதல் நாளே மருந்து கொடுத்திருந்தால் சுலபமாகக் குணமாகியிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க வாசனை வேண்டாம், கடிகாரம் போதும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி வயிற்றைப் பாருங்கள். வயிறு ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆபத்து. இரண்டு மாதம் முடிந்து ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல். ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும் ஆபத்து. பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும் ஆபத்து. அப்போது தைலப் புட்டியைத் தேட வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். எழுத்தும் எண்ணும் கற்றுக்கொண்ட ஒரு தாய் தன் குழந்தையின் மூச்சைத் தானே எண்ணிவிடலாம். டாக்டரிடம் போய், "நிமிடத்துக்கு 54" என்று சொல்லலாம்.

பெரியவர்களுக்கும் இதே கதைதான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறது. மாலையில் காய்ச்சல் வருகிறது. உடம்பு இளைக்கிறது. அவர் தினமும் ஆவி பிடிக்கிறார், தைலம் தேய்க்கிறார். இரவில் இருமல் சற்றுக் குறைகிறது. ஆனால் அது காசநோயாக இருந்தால், அவர் ஆவி பிடிக்கிற ஒவ்வொரு வாரமும் கிருமி வீட்டில் இருப்பவர்களுக்கும் பரவுகிறது. காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டுபிடித்துச் சொன்னது 1882-ல். இன்று அதைக் கொல்லும் மருந்து இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். மருந்தும் இலவசம். சாதாரணமாக ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். சத்துணவுக்காக மத்திய அரசு முன்பு மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாய். மருந்து சாப்பிட்டுக்கொண்டே தைலமும் தேய்த்துக்கொள்கிறேன் என்றால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

கிராம்பையும் மறந்துவிடக் கூடாது. பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் நல்லது. அது பல்லை மரத்துப்போகச் செய்யும். பல் டாக்டர்களும் தற்காலிகமாகப் பல்லை அடைக்கும் மருந்தில் கிராம்புச் சத்தைச் சேர்க்கிறார்கள். ஆனால் பல்லில் உள்ள சொத்தை அப்படியே இருக்கும். கொரோனாவில் வாசனை தெரியாமல் போனவர்களுக்கும் கிராம்பு உதவியது. கிராம்பு, யூகலிப்டஸ், எலுமிச்சை, ரோஜா ஆகிய நான்கு வாசனைகளைக் காலையும் மாலையும் பல வாரம் முகரச் சொல்லி மூக்குக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். காது மூக்கு தொண்டை டாக்டர்களே சொல்லும் பயிற்சி இது. ஆக, பொட்டலத்தில் இருந்த இரண்டு சாமான்களுக்கு அந்த நோயிலேயே ஒரு நியாயமான வேலை இருந்திருக்கிறது. ஆனால் அது காய்ச்சல் போன பிறகு செய்கிற வேலை.

கடைசியாக, பொட்டலத்தை அவிழ்த்துப் பார்க்கிற குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூடம் வெள்ளையாக இருக்கும். பார்க்கக் கல்கண்டு போல இருக்கும். குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். சின்னக் குழந்தைக்கு ஒரு கிராம் சூடமே உயிருக்கு ஆபத்து. சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். நீலகிரித் தைலம் ஒரு சிறு கரண்டி உள்ளே போனாலும் குழந்தை மயங்கிவிடலாம். முகர்வதாலும் பூசுவதாலும் சிலருக்கு வலிப்பு வந்திருக்கிறது. தென்னிந்தியாவில் நான்கு மருத்துவமனைகளின் டாக்டர்கள் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அதனால் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குச் சூடமோ, யூகலிப்டஸோ, புதினா உப்போ சேர்ந்த தைலம் பூச வேண்டாம். மூக்கின் அருகே கொண்டு போகவே வேண்டாம். கழுத்தில் பொட்டலம் கட்ட வேண்டாம். வலிப்பு உள்ளவர்களும் இவற்றிலிருந்து விலகி இருப்பது நல்லது. ஆவி பிடிக்கும்போது கொதிக்கும் பாத்திரத்தின் பக்கத்தில் குழந்தைகளை விடாதீர்கள்.

குழந்தை சூடத்தையோ தைலத்தையோ விழுங்கிவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். உடனே 108-க்கு போன் செய்யுங்கள், அல்லது கிடைக்கிற வண்டியில் ஏறிப் போங்கள். போகும்போது சூட டப்பாவையோ தைலப் புட்டியையோ கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று டாக்டர் பார்க்க வேண்டும்.